அடியில் இருக்கும் தாள்

சிங்கப்பெருமாள் கோயில்
ஞாயிறு

அன்புள்ள ஜெபாவுக்கு,

வைஷாலி எழுதுவது. பதினைந்து நாளில் கேட்டாய், ஒரு மாதம் ஆக்கிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இவருக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட். பகலில் வீட்டில் சத்தம் கூடாது. மூன்று வயசுக் குழந்தையைச் சத்தமில்லாமல் வைத்திருப்பதே என் வேலையாகிவிட்டது.

உன் ஆராய்ச்சிக்கான சுயக்கட்டுப்பாட்டுக் கேள்வித்தாள் பத்தும் இத்துடன் இருக்கின்றன. தனித்தனியாக நிரப்பச் சொல்லியிருந்தாய். எங்கள் காம்பவுண்டில் அது நடக்கிற காரியமா? தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். நான் வாசித்தேன், அவர்கள் சொன்ன எண்ணை வட்டமிட்டேன். ஒன்று என்றால் 'நான் அப்படி இல்லவே இல்லை', ஐந்து என்றால் 'அப்படியேதான்' என்று விளக்கியும் பரீட்சை மார்க் என்றே நினைத்துவிட்டார்கள். 'நான் சோம்பேறி' என்பதற்கும் ஜெசிந்தா அக்காவுக்கு ஐந்துதான் வேண்டும். குறைக்கட்டுமா என்றதற்கு, "இன்னா வைஷா, உன் கைக்காசா போவுது? அஞ்சே போடு" என்றாள்.

என் தாளைக் கடைசியில் நிரப்பினேன். 'பிறகு வருந்தும்படி நடந்துகொள்வேன்' என்று வாசித்ததும், பக்கத்தில் இருந்த மாமியார், "எம் மருமவளுக்குக் கோவமே வராது" என்று எல்லோருக்கும் சொன்னார். நான் ஒன்றை வட்டமிட்டேன். நெற்றியில் கட்டோடு பாப்பா என் மடியில்தான் இருந்தாள்.

எது நேர்க் கேள்வி, எது திருப்பிக் கேட்டது, எதற்கு ஐந்து போட்டால் நல்லவள், எதற்கு ஒன்று போட்டால் நல்லவள் என்று எனக்குத் தெரியும். காலேஜில் மூன்று வருஷம் உன் பெஞ்சில் உட்கார்ந்து சைக்காலஜி படித்தவள். அதனால் என் தாள் மட்டும் எங்கேயும் இடறாது. மற்றவற்றை ஒதுக்கிவிட்டு அதைத்தான் நீ எடுத்துக்கொள்வாய். எடுக்காதே ஜெபா.

தாள் நிரப்பியதற்கு நான்கு நாள் முன்னால் பாப்பா எவர்சில்வர் குடத்தைத் தட்டிவிட்டாள். உள்ளே இவர் தூக்கம். அவள் அழுவதற்குள் வாயைப் பொத்தினேன். பொத்தின கையாலேயே தள்ளியும் விட்டேன். கதவு நிலையில் இடித்து மூன்று தையல். கட்டிலிலிருந்து விழுந்தாள் என்று எல்லோரிடமும் சொன்னேன், டாக்டரிடமும்.

போன வாரம் பால்வாடி டீச்சர் அவளையே கேட்டார். "நானே வுழுந்துட்டேன் மிஸ்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லித் தரவில்லை.

இவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மாமியார் என்னை நம்புகிறார், அதனாலேயே அவரிடமும் முடியவில்லை. நேற்றுக் கை ஓங்கிவிட்டு, பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். திறந்தபோது வெளியே அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அதற்கும் பழகிவிட்டாள்.

பேச வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று தாளின் கடைசியில் ஒரு நம்பர் போட்டிருக்கிறாய். மூன்று தடவை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் எடுப்பது யார்?

அடியில் இருப்பது என் தாள். நானே கிழித்திருக்கலாம். நீ பார்க்கட்டும் என்று வைத்தேன்.

உன் ஆராய்ச்சி நல்லபடி முடியட்டும். அம்மாவின் முட்டிவலி தேவலையா? அவரைப் பார்க்கப் புதுப்பட்டினம் வரும்போது இங்கே இறங்கிவிட்டுப் போ. இந்தச் சனிக்கிழமையே வாயேன். ஜெபா சித்தி வருவாள் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். நான் சொன்னதில் இந்த ஒன்றாவது அவளுக்கு நிஜமாகட்டும்.

உன்,
வைஷாலி