இரண்டாவது ஆதம்பாவா

அன்பின் நண்பனே,

முறைப்பாடு என்றால் இலக்கமிட்டு, நாளிட்டு எழுத வேண்டும் என்பாய். அப்படியே எழுதுகிறேன்.

1. ஷஃபான் பிறை மூன்று: நினைவிடத்தின் பழைய கல் பெயர்த்தெடுக்கப்பட்டது. அதில் பெயருள்ள பதினொரு குடும்பங்களில் ஒன்றுக்கேனும் அறிவிக்கப்படவில்லை.

2. ஷஃபான் பிறை இருபத்தைந்து: புதிய கருங்கல் நடப்பட்டது. அதில் பத்துப் பெயர்களே உள்ளன.

3. ஷவ்வால் பிறை பதினொன்று, அஸர் தொழுகைக்குப் பின்: வருடாந்த நினைவுக் கூட்டத்தில் பேச்சுகள் ஒன்றேமுக்கால் மணி நேரம் நீடித்தன. பெயர் வாசிப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

4. அதே நாள்: உயிர் நீத்தவர்களின் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சகன் சோறு, சுற்றியிருந்து உண்ணும் ஒரு பெருந்தட்டு, என்பது வழமை. இம்முறை கல்லைப் பார்த்துச் சகன் வைத்தார்கள். பதினொரு குடும்பங்களுக்குப் பத்துத் தட்டுகள்.

5. ஷவ்வால் பிறை பதினேழு: இதைச் சுட்டிக்காட்டியபோது நினைவிட நிர்வாக சபைத் தலைவர் வாயால் பதில் சொன்னார். எழுத்தில் தர மறுத்தார்.

இத்தா இருந்து வெளியே வராத உன் மனைவி நேற்று உன் மகனை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். கையில் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள். "அவர்ர அலுமாரியத் துப்பரவாக்கக்குள்ள கிடந்திச்சு காக்கா. நீங்கதான் இத வெச்சிக்கணும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். உறையைத் திறந்ததும் உன் ஒலிபெருக்கிக் கடையின் வாசம் வந்தது: ஈயப்பற்று, சூடேறிய கம்பிச்சுருள், நீ பூசும் மலிவான அத்தர். நீ வருடந்தோறும் வாசித்த பெயர்ப்பட்டியல் அது. மூச்சு விட வேண்டிய இடங்களில் சிறு கோடுகள். நான்காவது பெயருக்கும் ஐந்தாவது பெயருக்கும் நடுவில் மட்டும் சிவப்பு மையில் "நில்" என்று எழுதியிருந்தாய்.

நான்காவது பெயர் இஸ்மாலெப்பை ஆதம்பாவா. ஐந்தாவது பெயரும் இஸ்மாலெப்பை ஆதம்பாவா.

அந்த அறுவடைக் காலத்தைப் பற்றி நாம் இருவரும் அதிகம் பேசியதில்லை. வேளாண்மை வெட்டி முடித்து, உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஊர் திரும்பிய பதினொரு பேர் வழியில் சுடப்பட்டார்கள். நான் அப்போது பேராதனையில் இறுதியாண்டு மாணவன். செய்தி எனக்கு ஒரு வாரம் பிந்தியே வந்தது. நீ ஊரில் இருந்தாய். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் சொன்னவன் நீ. யாரோ அவசரத்தில் எழுதித் தந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்து வாசித்தாய். ஒரே பெயர் இருமுறை இருந்தது. எழுதியவன் பதற்றத்தில் இரண்டு தரம் எழுதிவிட்டான் என்று எண்ணி ஒன்றை விட்டுவிட்டாய்.

நம்மூரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பது புதுமையில்லை. தகப்பன் பெயரும் ஒன்றாக இருப்பதுதான் அபூர்வம். அந்த இருவரும் வேறு தெரு, தாய்வழியில் வேறு குடி. ஒருவர் சுலைஹா ராத்தாவின் கணவர். மற்றவர் ஆசியா ராத்தாவின் கணவர்.

அன்று ஆசியா ராத்தா அறிவித்தலைக் கேட்டுவிட்டு, "யா அல்லாஹ், சுலைஹாட மாப்பிள்ளையெல்லா" என்று அடுப்பை அணைத்துவிட்டு ஆறுதல் சொல்ல ஓடினார். சுலைஹா ராத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோதுதான் யாரோ வந்து அவரைத் தனியே அழைத்தார்கள். தன் வீட்டு மௌத்தை அவர் இன்னொருவர் வீட்டில் நின்று அறிந்துகொண்டார்.

இதை நீ எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. கல்முனைக்குப் பஸ் ஏறக் காத்திருந்தோம். "நான் வாசிச்சிருந்தா, அவ அவட ஊட்டுக்குள்ளயே இருந்து அழுதிருப்பா மச்சான்" என்றாய். பஸ் வந்தது, இருவரும் ஏறினோம்.

பிறகு நினைவிடம் அமைக்கும் பேச்சு வந்தது. யார் சுட்டார்கள் என்று கல்லில் எழுத வேண்டாம், பெயர்கள் மட்டும் போதும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவானது. அடையாளத்துக்கு இரண்டு ஆதம்பாவாக்களின் குடிப் பெயரையும் சேர்ப்போமா என்று கேட்க நீதான் இரு வீடுகளுக்கும் போனாய். இரண்டு ராத்தாமாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மௌத்துக்குப் பொறவு என்ன குடி?" ஆகவே பெயர் இருமுறை, ஒன்றன்கீழ் ஒன்றாக, எந்த வேறுபாடுமின்றிச் செதுக்கப்பட்டது. அது கவனப் பிழையல்ல. இரண்டு பெண்கள் யோசித்து எடுத்த தீர்மானம்.

அந்த இடத்தைத் துக்கத்துக்கு மட்டுமானதாக வைத்திருக்க நீ விடவில்லை. இரத்ததான முகாம், புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைகளுக்குப் பாராட்டு, நோன்பு திறக்கும் நிகழ்ச்சி எல்லாம் அந்த வளவில்தான் நடந்தன. எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி உன்னுடையது. உன்னிடம் ஒரேயொரு நிபந்தனை இருந்தது: முதலில் பதினொரு பெயர், பிறகு நிகழ்ச்சி. இரத்தம் கொடுக்கக் கையை நீட்டிப் படுத்திருந்தவர்களும் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள். தேர்தல் காலத்தில் ஒரு வேட்பாளர் வந்து, பெயர் வாசிப்பைக் கடைசியில் வைக்கலாமே என்றார். நீ மைக்கை அவரிடம் கொடுக்கவில்லை. நிதானமாகப் பதினொன்றையும் வாசித்து முடித்துவிட்டு, "சரி, இனி உசிரோட இருக்கிற ஆக்கள் கதைக்கலாம்" என்று நீட்டினாய். அவருடைய ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "என்னடா, ஒரே பேர ரெண்டு தரம் வாசிக்காய்? மைக் இழுக்குதோ?"

"மைக் இழுக்கல்ல. ஆள் ரெண்டு. நம்பிக்கை இல்லாட்டி ரெண்டு ஊட்டுலயும் போய்ச் சோறு தின்னுட்டு வா, பொண்டாட்டிமார்ர கைப்பக்குவம் சொல்லும்."

அவன் உண்மையிலேயே போனான். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டான். அடுத்த வருடம் முன்வரிசையில் வந்து அமர்ந்தான்.

நீ மௌத்தானது ரமழானுக்கு முந்திய நாள். புதிய கல் நடப்பட்டு நாலு நாள் ஆகியிருந்தது. நீ அதைக் காணவில்லை. ஆகவே இந்த வருடக் கூட்டத்தை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூட்டத்தன்று வரை துணியால் மூடியிருந்த புதிய கல் பளபளப்பானது. எதிரில் நிற்பவரின் முகம் அதில் தெரிகிறது. பெயர்களை வாசிக்க, விளையாட்டுப் போட்டிகளுக்கு அறிவிப்புச் செய்யும் நல்ல குரல்வளமுள்ள ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர்மீது குற்றமில்லை, கல்லில் இருந்ததை வாசித்தார். நான்காவது பெயர் முடிந்தது. இரண்டு ராத்தாமாரும் முன்வரிசையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த பெயருக்காகத் தலையை நிமிர்த்தினார்கள். அடுத்து வேறு ஒருவரின் பெயர் வந்தது. நானும் அந்தக் கணத்தில்தான் அறிந்தேன்.

கூட்டம் கலைந்ததும் இருவரும் கல்லருகே போனார்கள். நான் பின்னால் நின்றேன்.

"இது உங்கடவர்ர பேர், ஆசியா. தொடுங்க" என்றார் சுலைஹா ராத்தா.

"இல்ல கா, இது உங்கடவர். எங்கடது கீழ கிடந்தது. அதத்தான் எடுத்திரிக்காங்க."

"கீழ கிடந்தது எங்கடது. எனக்குத் தெரியாதா? வருசா வருசம் குனிஞ்சி தொட்டு முதுகு நொந்தது எனக்கெல்லா."

"அப்ப இந்த வருசமாவது நிமிந்து நிண்டு தொடுங்களன்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சோறு வைத்தபோது ஒரே சகனில் எதிரெதிரே அமர்ந்து, இறைச்சித் துண்டை மாறி மாறி மற்றவர் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றபோது சுலைஹா ராத்தா சொன்னார்: "விடுங்க தம்பி. ஒரு பேருக்குள்ள ரெண்டு பேரும் இருந்திட்டுப் போகட்டும். போகக்குள்ளயும் ஒரே பெட்டியிலதானே போனாங்க."

அந்தப் பெருந்தன்மையை யாரும் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஏனெனில் மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பின் அவ்வழியே நடந்து வந்தபோது ஆசியா ராத்தாவைத் தனியே கண்டேன். நினைவிடத்தின் பின்புறம் நின்று, கல்லின் முதுகைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார்.

"ஒண்டுமில்ல தம்பி. பின்னால எழுதி இரிப்பாங்களோ எண்டு பாத்தன்."

பின்னால் ஒன்றும் இல்லை. பின்புறம் மெருகிடப்படவும் இல்லை.

தலைவரிடம் போனேன். உபசாரத்துக்குக் குறைவில்லை, தேநீர், வட்டிலப்பம் எல்லாம் வந்தன. "ஒரே பேர் ரெண்டு தரம் அடிபட்டிருந்திச்சு சேர். நாங்கதான் பிழையத் திருத்தின. ஆரு எவரெண்டு அல்லாஹ்வுக்குத் தெரியாதா?" என்றார். அல்லாஹ்வுக்குத் தெரியும், கல் நடுவது அவனுக்காக அல்ல என்றேன். "இனிக் கழட்டினா ஊர் சிரிக்கும். வாற வருசம் பாப்பம்" என்றார். எழுத்தில் தாருங்கள் என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை என் முன் வைத்தார். "எழுத்திலதானே கிடக்கு சேர். இது உங்கட கையெழுத்தெல்லா?"

என் கையெழுத்துத்தான்.

முறைப்பாட்டில் முதலாவதாக வந்திருக்க வேண்டியதை நான் இன்னும் எழுதவில்லை. றஜப் பிறை இருபது, பழைய கல் பெயர்க்கப்படுவதற்கு முன்: புதிய கல்லுக்குப் போகும் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு ஊரில் படித்தவன் என்று எனக்குத் தரப்பட்டது. தலைப்பின் எழுத்துகளைச் சற்றுப் பெரிதாக்கும்படி அம்புக்குறி இட்டேன். ஓரத்துப் பூவேலை தேவையில்லை என்று குறித்தேன். பெயர்களை எண்ணவில்லை. ஒப்பமிட்டேன்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்தேன். மூக்கில் குழாயுடன் நீ கேட்டாய்: "கல்லுக்குப் போற பட்டியலக் கொண்டு வந்தயா? ஒருக்கா வாசிச்சிப் பாக்கன்."

"நான் பாத்திட்டன். நீ பேசாமக் கிட" என்றேன்.

"நீ பாத்தா சரிதான்" என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய்.

அந்த நம்பிக்கையைவிடப் பாரமான எதையும் நான் இதுவரை சுமந்ததில்லை. நீ இருபத்தைந்து வயதில், சாவு மணக்கும் ஒரு காலைப்பொழுதில் செய்த பிழை அது. அதற்காக ஆயுள் முழுவதும் அந்தப் பெயரை வாசித்தாய். நான் அதையே ஐம்பத்தைந்து வயதில், மின்விசிறிக்குக் கீழே, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தேன். உனக்கு இருந்த சாட்டு எனக்கு இல்லை. நீ ஒருபோதும் அதைச் சாட்டாகச் சொன்னதுமில்லை.

இனி நீ கேட்க மாட்டாய். ஆகவே கேட்க வேண்டியது நான். இதன் பிரதி இன்று நிர்வாக சபையிடம் கையளிக்கப்படுகிறது. றஜப் பிறை இருபதின் பிழையை என் பெயரில் அதில் ஆறாவதாகச் சேர்த்திருக்கிறேன். அவர்கள் என்னைக் குற்றவாளியாக்க விரும்பினால் தடையில்லை. கல்லைத் திருத்தாமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

நிர்வாக சபையிடம் நான் கோருவது: ஐந்தாவது பெயர் அதன் இடத்தில், அதே அளவு எழுத்தில், எந்த அடைமொழியும் இன்றி எப்போது செதுக்கப்படும் என்பதற்கு எழுத்துமூலமான பதில். துல்ஹஜ் தலைப்பிறைக்கு முன் அது கையளிக்கப்பட வேண்டும். பதிலை எனக்கு அனுப்பத் தேவையில்லை. ஒரு கடிதம் சுலைஹா ராத்தாவுக்கு, இஸ்மாலெப்பை ஆதம்பாவாவின் மனைவி என்று முகவரியிட்டு. இன்னொரு கடிதம் ஆசியா ராத்தாவுக்கு, இஸ்மாலெப்பை ஆதம்பாவாவின் மனைவி என்று முகவரியிட்டு. இரண்டு உறை, இரண்டு வீட்டு வாசலிலும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒன்றை எழுதி மற்றதைப் போட்டோப் பிரதி எடுப்பதை ஏற்க முடியாது.