விறகுக்கு ஒரு கூனல் கத்தி

அம்மா,

அன்று கடையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வார்த்தை. ஏலாது. “அம்மா, அந்தப் பெரிய கத்தி உங்களுக்கு ஏலாது” என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பித்தளை மணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலை குளிர்கால உடுப்புகளை எடுக்க அலுமாரியைத் திறந்தபோது அந்தக் கத்தி உறையின் மணம் வந்தது. எருமைத் தோலும் கடுகெண்ணெயும். கோட்டுக்குப் பதில் அதைக் கையில் எடுத்தேன். வேலைக்குப் பிந்திப் போனேன்.

அந்தக் கடைக்குப் போவதற்கு முந்திய மாரிக் குளிரில், விழுந்ததும் பனிக்கட்டியாகும் உறைமழை பெய்து உங்கள் இல்-பிசார் தீவு முழுக்க மின்சாரம் போனது நினைவிருக்கும். அப்பா போன பிறகு நீங்கள் அந்த வீட்டில் தனியே இருந்த முதல் மாரி. வரவேற்பறையில் விறகடுப்பு இருந்தது. பின்பக்கக் கொட்டிலில் மேப்பிள் விறகு அடுக்கியிருந்தது. ஆனால் விறகுக்காரர் கொண்டுவந்து இறக்கும் கட்டைகள் தொடை மொத்தம். அவற்றில் நேரே தீப் பிடிக்காது. விரல் மொத்தத்தில் சிறு கொள்ளிகள் வேண்டும். அவற்றை எப்போதும் அப்பாதான் கோடாலியால் கொத்தி வைப்பார். புவாண்ட்-கிளேர் களஞ்சியத்தில் வருடக் கணக்காகப் பெட்டி தூக்கித் தேய்ந்துபோன உங்கள் வலது தோளோ, கையைக் காதுக்கு மேலே போக விடாது. அண்ணை வந்து கதவைத் திறந்தபோது நீங்கள் கோட்டும் சப்பாத்தும் போட்டபடி கட்டிலில் சுருண்டு கிடந்தீர்கள். உதடு நீலமாக இருந்தது என்று அவர் என்னிடம் சொன்னார்.

“வீட்டை விப்பம் அம்மா. செயின்ட்-மிஷேலுக்கு வந்து எங்களோட இருங்கோ. இனித் தனிய உங்களால ஏலாது.”

“ஏலாது, ஏலாது. கிளிப்பிள்ளை மாதிரி இதையே சொல்லு. வாற மாரிக்கு நானே அடுப்பு மூட்டிக் காட்டுறன். மூட்டாட்டி வித்துத் துலை.”

“சத்தியமாவோ?”

“மடு மாதா மேல சத்தியம். போதுமே?”

மன்னாரில் பிறந்த நீங்கள் மடு மாதாவை இழுத்த பிறகு அண்ணை அடுத்த மாரிவரை பொறுக்க ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த வருடம் முழுவதும் அந்த “ஏலாது” உங்களை விடவில்லை. தோளைப் பார்த்த மருத்துவரும் அதையே சொன்னார். பூசை முடிந்து வாசலில் நின்ற பெண்கள், “ஐயோ அக்கா, தனிய ஏலுமோ?” என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு வந்து காரில் ஏறுவீர்கள். கதவைச் சாத்தும் சத்தத்தில்தான் கோபம் தெரியும்.

கோடாலிக்குத் தோள் வேண்டும். நேபாளத்துக் கூனல் கத்தியான குக்ரிக்கு முழங்கையும் மணிக்கட்டும் போதும், தங்கள் ஊரில் பெண்கள் குந்தியிருந்தபடியே விறகு கொத்துவார்கள் என்று உங்களோடு களஞ்சியத்தில் நின்ற நேபாளப் பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள். அவள் சொன்ன கடைக்கு, பார்க்-எக்ஸ்டென்ஷனுக்கு, நாங்கள் இருவரும் மெட்ரோவில் போனோம். நான் வழக்கம்போல நிறைய வாசித்துவிட்டு வந்திருந்தேன். அலகின் வால் பிடிக்குள் கடைசிவரை போயிருக்க வேண்டும். பாதியில் நின்றால் ஒருநாள் பிடி கழன்று வரும். கொம்புப் பிடி இங்கே வீட்டுச் சூட்டில் வெடிக்கும், மரப்பிடி நல்லது. வழி நெடுக இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். “சோதினைக்குப் போறம் போல கிடக்கு,” என்றீர்கள்.

கடைக்காரர் மூன்று கத்திகளைக் கொண்டுவந்தார். எதையும் கையில் தரவில்லை. ஒவ்வொன்றாக மேசைத் துணியில் வைத்து, எடுங்கள் என்று கையைக் காட்டினார். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்று வீட்டில் மீன் வெட்டும் கத்தியைக்கூடப் பலகையில் வைத்துத்தான் “எடு” என்பவர் நீங்கள். “பாத்தியே, நல்ல வளப்பு,” என்று என் காதுக்குள் சொன்னீர்கள்.

முதலாவது பளபளவென்று, பிடியின் முனையில் பித்தளைச் சிங்கத் தலையோடு இருந்தது. அது சுவரில் மாட்டுவதற்கு என்று அவர் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து சொன்னார்.

“சிங்கமோ? வேண்டாம். சிங்கத்தால பட்டது காணும்.”

நான் சிரித்துவிட்டேன். என்னவென்று அவர் கேட்டார். நாங்கள் விட்டுவந்த நாட்டுக் கொடிச் சிங்கத்தை நான் மொழிபெயர்க்கவில்லை.

மற்ற இரண்டும் விறகுக்கானவை. இரண்டுக்கும் மரப்பிடி, இரண்டிலும் வால் கடைசிவரை போய் மறுபக்கம் தட்டி மடக்கப்பட்டிருந்தது. பாரத்தில்தான் வித்தியாசம். சின்னது உங்கள் மணிக்கட்டுக்கு அளவு. நீங்கள் பெரியதைத்தான் எடுத்தீர்கள். அதன் முதுகு ஒரு விரல் தடிப்பு. நடுவில் உள்நோக்கி வளைந்து, முன்பக்கம் வயிறு வைத்து இறங்கியிருந்தது.

“இந்தக் கூனன்தான் சரி. பாரம் தன்ர பாட்டில வெட்டும். கை சும்மா கூடப் போனாக் காணும்.”

மன்னாரில் வேலிக்கு உடைமரம் வெட்டிய பழக்கத்தில் சொன்னீர்கள். காய்ந்த முள்மரத்துக்கு அது சரிதான். காய்ந்த மேப்பிள் வேறு சாதி, அலகைக் கவ்விக்கொள்ளும். வெட்டுவதைவிட இழுத்தெடுக்கத்தான் பலம் வேண்டும். இதையும் நான் வாசித்திருந்தேன். நீங்கள் கத்தியை நீட்டிப் பிடித்தபோது நுனி மெல்லத் தாழ்ந்தது. திரும்ப உயர்த்தினீர்கள். திரும்பவும் தாழ்ந்தது. கடைக்காரரும் கண்டார். சின்னதை ஒரு விரலால் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினார்.

“என்ன பிள்ளை, பேசாமல் நிக்கிறாய்?”

“வடிவா இருக்கம்மா,” என்றேன்.

அந்த இலையுதிர் காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் வந்தேன். கொட்டிலில் சின்ன முக்காலியில் இருந்து, கட்டையை அடிமரக் குத்தியில் நிறுத்தி, அதன் தலையில் கத்தியைப் பதித்து, இன்னொரு விறகால் கத்தியின் முதுகில் தட்டுவீர்கள். தோளை உயர்த்தவே தேவையில்லை. கட்டை இரண்டாகும், நாலாகும், பிறகு விரல் விரலாக விழும். கத்தி இறுகிவிட்டால் இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி எடுப்பீர்கள். அதற்குப் பிறகு சற்றுநேரம் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருப்பீர்கள். நான் பார்ப்பது தெரிந்தால், “கூனன் களைச்சுப்போனான்,” என்பீர்கள்.

முதல் பனி விழுந்த கிழமை அண்ணை வந்து அடுப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நீங்கள் கொள்ளிகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, ஒரே தீக்குச்சியில் மூட்டினீர்கள். தீ படபடவென்று ஏறியது. அண்ணையிடம் திரும்பினீர்கள்.

“இப்ப சொல்லு தம்பி. ஏலுமோ, ஏலாதோ?”

“ஏலும், ஏலும். என்னையும் தூக்கி உள்ளுக்க வைச்சிடாதையுங்கோ.”

“நீ ஈர விறகு. பத்தமாட்டாய்.”

அன்று அண்ணை கோப்பை கழுவினார். வீடு விற்பதைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை. நீங்கள் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை அப்பா போன பிறகு நான் பார்க்கவில்லை.

தை மாதம் மறுபடி உறைமழை வந்தது. வீதிகள் கண்ணாடியாகக் கிடந்தன, பேருந்தும் ஓடவில்லை. தொலைபேசியில் உங்கள் குரல் எங்களைவிடத் தெம்பாக இருந்தது. “அடுப்பு எரியுது. நான் சூடா இருக்கிறன், நீங்கள்தான் குளிருக்க. சும்மா சும்மா எடுத்து போன் சார்ஜை முடிக்காதையுங்கோ.”

அடுத்த நாள் மத்தியானம் அண்ணையும் நானும் வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக் கிழவி வாசலில் நின்றார். அந்த ஒழுங்கை வீடுகளிலேயே உங்கள் புகைபோக்கியில் மட்டும் புகை வருவதைக் கண்டு, குளிர்காய வந்திருக்கிறார். வீட்டுக்குள் ஆளில்லாததால் பின்பக்கம் போய்த் தேடி, அம்புலன்சைக் கூப்பிட்டதும் அவர்தான். கொட்டிலில், முக்காலிக்குப் பக்கத்தில் நீங்கள் கிடந்தீர்கள். அம்புலன்ஸ் ஆட்கள் உங்கள்மேல் குனிந்துகொண்டிருந்தார்கள், ஆனால் அவசரப்படவில்லை. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று கிழவி கத்தியை எடுத்து வைத்திருந்தார். உன் அம்மாவினுடையது என்று பிரெஞ்சில் சொல்லி, நேரே என் கைக்குள் வைத்தார். கீழே வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்.

இதயம் என்றார்கள். நெடுநாளாக இருந்திருக்க வேண்டுமாம். சின்னக் கத்தியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. அண்ணையும் அந்தக் கத்தியைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் சண்டை பிடிக்கவும் இல்லை. பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

திரும்ப அந்தக் கடையில் நின்றாலும் அந்த வார்த்தையைச் சொல்வேனா என்று தெரியாது. நுனி தாழ்ந்ததை உங்கள் கை அறியும். அறிந்தே எடுத்தீர்கள் என்று சில நாள் நினைக்கிறேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

என் மூன்றாம் மாடி வீட்டில் வெட்ட ஒரு குச்சியும் இல்லை. இருந்தாலும் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லித் தந்தபடி துணியில் எண்ணெய் தொட்டு அலகைத் துடைத்து வைக்கிறேன். வேலையிடத்தில் யாராவது கேக் வெட்டக் கத்தி கேட்டால் மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கிறேன். அவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் படுகிறது.

வைகாசியில் வீட்டை விற்றோம். வாங்கியவர்கள் முதல் வேலையாக அடுப்பைக் கழற்றி வீதியோரம் வைத்தார்கள்.