சிவப்புக் கோடு

14 மார்ச் 2006, செவ்வாய்

சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரம் மணலில் வெளிப்பட்ட பல்லவர் காலத்துக் கோயிலில் இன்று ஒரு சுண்ணாம்புப் பூச்சுத் துண்டு கிடைத்தது. எடுத்தவள் கஸ்தூரி, எங்கள் அகழாய்வில் மண் அள்ளும் புதுப்பட்டினத்துப் பெண். துண்டில் விரல் நீளத்துக்குச் சிவப்பு வண்ணக் கோடு ஒன்று இருந்தது. ஒட்டிய மண்ணை உலர்ந்த தூரிகையால்தான் தட்ட வேண்டும். பதிவேடு எழுதும் எனக்கு அது தெரியாததல்ல. அவசரத்தில் ஈரப் பஞ்சால் துடைத்தேன். கோடு பஞ்சோடு வந்துவிட்டது.

அதிகாரி வந்து, “வண்ணம் ஏதாவது இருந்ததாம்மா?” என்றார்.

“இல்லை சார்.”

“இன்னாக்கா, செவப்பா ஒரு கோடு இருந்துச்சே!” என்றாள் கஸ்தூரி.

“வாயில இருக்கற வெத்தலைச் சிவப்பு கண்ணுலயும் ஏறிடுச்சா?” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதிவேட்டில் ‘வண்ணம் இல்லை’ என்று எழுதியும் விட்டேன்.

சாயங்காலம் கஸ்தூரி தனியாக என்னிடம் வந்தாள்.

“எங்கம்மாவுக்கும் இப்டித்தான்க்கா ஆரம்பிச்சுது. இல்லாததெல்லாம் தெரியும். அப்பால சுத்தமா பார்வை பூடுச்சு. நாளைக்கு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரில காட்டிகினு வந்துடறேன், லீவு குடுக்கா.”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“காலையிலேயே போயிடு கஸ்தூரி, வரிசை நீளமா இருக்கும்” என்றேன்.