கடுகின் கணையம்

மார்ச் 6

என் கண்ணாடிக் கடைக்காரிக்கு,

நீ நலம்தானே? கடுகு எப்படி இருக்கிறாள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம் இருவர் குரலும் ஏறிவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்று நீ சொன்னது சரிதான். பொறுமையாகப் படி.

அறுவை மருத்துவர் சொன்னதை நீ அழுதுகொண்டே சொன்னதால் பாதிதான் புரிந்தது. கணையத்தையே முழுதாக எடுத்துவிட வேண்டும் என்கிறாரா? பத்து வயதுப் பிள்ளைக்கா?

இங்கே ஆய்வகத்தில் நான் செய்வதை ஒரு தரம் ஒழுங்காகச் சொல்கிறேன். போன வருடம் அவள் கையில் இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார்களே, அதிலிருந்த செல்களைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக மாற்றினோம். இன்னும் எதுவாகவும் ஆகாத, எதுவாகவும் ஆகக்கூடிய செல். அதைப் படிப்படியாக ஊட்டிக் கணையமாக வளர்க்கிறோம். முழுக் கணையம் அல்ல. கூழ்த்துளிக்குள் நிற்கும் குட்டி உருண்டைகள். ஆர்கனாய்ட் என்று பெயர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்தான் அவற்றுக்கு ஆகாரம் மாற்றுகிறேன். அவளுக்கு இருக்கும் கோளாறு அப்படியே அவற்றுக்கும் இருக்கிறது. சோற்றைச் செரிக்க வேண்டிய நீர் குடலுக்குப் போகும் முன்பே விழித்துக்கொண்டு, தன்னைச் சுரந்த இடத்தையே அரிக்கிறது. அதை அடக்கும் மருந்து எது என்று உருண்டைகளில் போட்டுப் பார்க்கிறோம்.

எடுத்துவிட்டால் எடுத்ததுதான். மே வரைக்கும் பொறு. என் அப்பா ஒரு சொட்டுக் குடிக்காதவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவரைக் குடிகாரர் என்று சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அதே வலிதான் என் வழியாக இவளுக்கு வந்திருக்கிறது. நீ இதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனாலேயே உன்னை நேரே பார்க்க முடியவில்லை.

உன்,
கடுகின் அப்பா

*

மார்ச் 15

அன்புள்ள கடுகின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். கடையில் எப்போதும்போல் கூட்டம். கண்ணில் ஒரு குறையும் இல்லாத பெரியவர் ஒருவர் வந்து, "பேப்பர்ல இருக்கற செய்தி எல்லாம் மோசமா தெரியுது, பவரை மாத்துங்க" என்றார். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் சொல்ல ஆள் வீட்டில் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு மறுபடி வலி. முட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சமையலறைத் தரையிலேயே படுத்துவிட்டாள். ஐந்து நாள் ஆஸ்பத்திரி, சொட்டு மருந்து, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது.

மருத்துவர் சொன்னதை இந்தத் தடவை அழாமல் எழுதிக்கொண்டேன். "எடுக்கற கணையத்துல இருந்து இன்சுலின் சுரக்கற செல்லை மட்டும் தனியா பிரிச்சு, அவ ஈரல்லயே விட்டுடுவோம்மா. அது அங்க ஒட்டிக்கிட்டு வேலை செய்யும். ஆனா ஒவ்வொரு தடவை வலி வரும்போதும் அந்த செல்லும் சேர்ந்து அழியுது. ரொம்பத் தள்ளிப் போட்டா பிரிக்கறதுக்கே ஒண்ணும் மிஞ்சாது."

நீங்கள் பொறு என்கிறீர்கள். அவர் பொறுக்காதே என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? எனக்கு அறிவியல் தெரியாது, உங்களைத் தெரியும். மே கடைசி வரை காத்திருக்கிறேன்.

ஒன்று சொன்னால் கோபப்படாதீர்கள். நீங்கள் அவளுக்காக மட்டும் அந்த ஆய்வகத்துக்குப் போகவில்லை. அவள் அழுவதைக் காதால் கேட்க முடியாமல் போனீர்கள். எனக்கும்தான் கேட்க முடியவில்லை. ஆனால் எனக்குப் போக இடம் இல்லை.

கடுகின் அம்மா

*

ஏப்ரல் 20

என் கண்ணாடிக் கடைக்காரிக்கு,

இன்று காலையில் ஒரு காரியம் நடந்தது.

அந்த நீர் விழித்துக்கொண்டால் பச்சையாக ஒளிரும்படி உருண்டைகளில் ஒரு சாயம் போட்டு வைப்போம். புது மருந்து ஒன்று போட்ட தட்டில் ஒளி பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. என் கண்ணையே நம்பாமல் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நிஜம்தான். போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, உங்க முகமே சரியில்ல" என்றாள்.

இது ஒரே ஒரு தொகுதிதான். இன்னொரு தொகுதி வளர்த்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஆனாலும் அதன் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடுகிடம் காட்டு. அவள் கணையத்தின் பேரப்பிள்ளைகள் என்று சொல்.

நாம் ஜெயித்துவிடுவோம் என்று தோன்றுகிறது.

உன்னவன்

*

மே 4

அன்புள்ள கடுகின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேருந்திலேயே நின்றுகொண்டு படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

கடுகுக்குப் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "அதுக்கு நரம்பு கிடையாதாம், வலிக்கவே வலிக்காதாம். அப்பாதான் போன்ல சொன்னாரு" என்றாள். பிறகு, "வலிக்கலைன்னா அது எப்படிம்மா நானாகும்?" என்றாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று வைத்த பெயர். காரம் சில சமயம் என் கண்ணிலேயே படுகிறது. பதில் உங்களிடம் இருந்தால் அவளிடமே சொல்லுங்கள்.

போன வாரம் மறுபடி மூன்று நாள் ஆஸ்பத்திரி. மருத்துவர் என் முன்னால் பேனாவை மூடித் திறந்துகொண்டே இருந்தார்.

இரண்டே கேள்வி. இந்த மருந்தை அவளுக்கு எப்போது கொடுப்பார்கள்? கொடுப்பார்களா?

கடுகின் அம்மா

*

ஜூன் 2

அன்புள்ள உனக்கு,

வேலை அதிகம், அதனால் தாமதம். இரண்டாவது தொகுதி இன்னும் முடிவாகவில்லை. உன் கேள்விகளுக்கு இப்போதே பதில் சொல்வது சரியாக இருக்காது. இன்னும் ஒரு மாதம் பொறு. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

கடுகுக்கு முத்தம்.

கடுகின் அப்பா

*

ஆகஸ்ட் 10

கடுகின் அப்பாவுக்கு,

நீங்கள் கேட்ட ஒரு மாதம் போய் இன்னொன்றும் போய்விட்டது. நடுவில் இரண்டு தடவை வலி வந்தது. போன திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், கணக்கு வகுப்பில், பெஞ்சுக்கடியில் சுருண்டுவிட்டாள். டீச்சர் போன் செய்தபோது நான் ஒருவருக்குக் கண்ணாடிச் சட்டம் வளைத்துக்கொண்டிருந்தேன். அவர் காதில் அதை மாட்டியபடியே விட்டுவிட்டு ஓடினேன்.

ஆம்புலன்ஸில் அவள் கேட்டாள்: "அம்மா, அந்த ஆபரேஷனைப் பண்ணிடலாமா? தினம் இன்சுலின் ஊசின்னாலும் எனக்குப் பரவால்ல."

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் பொறு என்பீர்கள். நானும் பொறுத்துவிடுவேன். இருபத்திரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு அறுவை. மூன்றாவது மாடி.

வாருங்கள். சண்டை போட மாட்டேன். அவள் பக்கத்தில் நின்றால் போதும்.

கடுகின் அம்மா

*

ஆகஸ்ட் 31

கடுகின் அப்பாவுக்கு,

அறுவை பதினோரு மணி நேரம் நடந்தது. கடுகு பிழைத்துவிட்டாள். எட்டாவது நாள் கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தவள், "அம்மா, வயித்துல யாருமே இல்லாத மாதிரி இருக்கு" என்றாள். வலி போய்விட்டது. அதை முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

பிரித்தெடுத்த செல் எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லையாம். "கிடைச்சதை உள்ள விட்டிருக்கோம். ஆனா காலம் பூரா இன்சுலின் போடணும்மா, தினம் நாலு வேளை" என்றார் மருத்துவர். மார்ச்சிலேயே செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். "அதை இப்ப கேக்காதீங்க" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நீங்கள் வரவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். ரயில் கிடைக்கவில்லை, விடுப்புக் கிடைக்கவில்லை என்று உங்களுக்காக நானே காரணமும் சொன்னேன். நேற்று வார்டு கூட்டும் அக்கா பேச்சுவாக்கில் சொன்னாள்: "ஆபரேஷன் அன்னிக்குக் காலையிலேருந்து ஒருத்தரு கீழ ரத்தம் எடுக்கற ரூம் வாசல்ல உக்காந்திருந்தாரு. யாரைப் பாக்கணும்னு கேட்டேன். யாரையும் இல்லன்னாரு. விரலெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்துச்சு, பாவம்."

கையுறையும் ஸ்பிரிட்டும் உரித்த விரல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? மூன்று மாடி ஏற முடியவில்லையா உங்களால்?

கடுகின் அம்மா

*

செப்டம்பர் 9

உனக்கு,

ஏறினேன். மூன்றாவது மாடிவரை வந்தேன். உள்ளே அவள் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "அப்பா எங்க?" என்று அவள் கேட்டது வாசல்வரை காதில் விழுந்தது. இறங்கிவிட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இனி மறைத்தால் நான் மனிதன் இல்லை.

ஜூன் இரண்டாம் தேதி காலையில் இரண்டாவது தொகுதியின் முடிவு வந்துவிட்டது. மருந்து போட்ட தட்டும் போடாத தட்டும் ஒரே மாதிரி ஒளிர்ந்தன. மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை குறைந்தது ஏதோ தற்செயல். எங்கள் ஆய்வகத் தலைவி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "இது தோத்துடுச்சு. ஜெயிச்சிருந்தாலும் மருந்தா வெளிய வர இன்னும் பத்து வருஷம் ஆகும். உங்க பொண்ணு ஆபரேஷனை இதை நம்பித் தள்ளாதீங்க. இன்னிக்கே வீட்டுக்குச் சொல்லுங்க."

சரி என்றேன். என் மேசைக்கு வந்து காகிதத்தை எடுத்தேன். இன்னும் ஒரு மாதம் பொறு என்று எழுதினேன்.

ஏன் என்று நூறு தடவை கேட்டுக்கொண்டேன். உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. தோற்றுவிட்டது என்று எழுதினால் என் ரத்தம் அவளுக்குக் கொடுத்தது அந்த வலி மட்டும்தான் என்று ஆகிவிடும். அதை எழுதக் கை வரவில்லை. அந்த இரண்டரை மாதத்தில் எத்தனை செல் போயிருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். போட்டும் பார்த்தேன்.

இப்போதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உருண்டைகளுக்கு ஆகாரம் மாற்றுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

கடுகின் அப்பா

*

செப்டம்பர் 20

கடுகின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் மதிய இடைவேளையில் இரண்டு தடவை படித்தேன். திட்டுவதற்கு உட்கார்ந்தேன். வரவில்லை. கையெழுத்துப் போட எனக்கும் பயம்தான். நீங்கள் பொறு என்று எழுதிய ஒவ்வொரு தடவையும் அப்பாடா என்றுதான் இருந்தது. உங்கள் பொய்யில் பாதியை நான் விரும்பித்தான் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் இனி உங்களோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. மோசமான செய்தி வந்தால் உடனே சொல்கிற ஒரு ஆள்தான் எனக்கு இனிமேல் வேண்டும். அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூன் இரண்டாம் தேதியைப் பற்றிக் கடுகிடம் நான் சொல்ல மாட்டேன். அவள் பெரியவளானதும் நீங்களே சொல்லுங்கள்.

மாதத்தில் முதல் ஞாயிறு வாருங்கள். அன்று நான் கடைக்குப் போய்விடுவேன், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை பார்த்து ஊசி போட வேண்டும். எத்தனை அளவு, எங்கே குத்துவது, எல்லாம் அவளுக்குத் தெரியும். தானே போட்டுக்கொள்கிறாள். உங்களுக்கும் சொல்லித் தரச் சொல்லியிருக்கிறேன். "அப்பாக்குக் கை நடுங்கும்மா" என்றாள். நடுங்கினாலும் பரவாயில்லை, அறையை விட்டு வெளியே மட்டும் போகாதீர்கள்.

கடுகின் அம்மா