நெட்டை டம்ளரில் நிறையத் தண்ணீர்

ஜூலை 8
தண்ணீர் விளையாட்டு. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாக ஊற்றி, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று பிள்ளைகளைச் சொல்லவைத்து, சபாஷும் போட்டேன். பிறகு ஒன்றை நெட்டை டம்ளருக்கு மாற்றினேன். நாலு வயதுக் கண் உயரத்தைத்தான் நம்பும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்களே! அதேபோல "நெட்டைலதான் நிறைய" என்றார்கள். "நல்லா பாத்து சொல்லுங்க" என்றேன். உடனே எல்லோரும், "ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்!"

அதெப்படி ஒருத்தர் விடாமல்? என் முதுகுக்குப் பின்னால் நின்றது புதிதாக வந்த உதவியாளர் அக்கா மட்டும்தான். ஜாடை காட்டியிருப்பாரோ?

ஜூலை 9
குழாயடியில் என் வகுப்பு வாயாடிப் பிள்ளையின் காதில் அக்கா ஏதோ சொன்னார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார்.

ஜூலை 10
ஒரே அளவு களிமண் உருண்டை இரண்டில் ஒன்றைத் தட்டையாக்கிக் கேட்டேன். அதே கதை. அக்கா சிரித்துக்கொண்டே டம்ளர் கழுவுகிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னால், "பிள்ளைங்க கெட்டிக்காரங்களா இருந்தா உனக்கேன் வயித்தெரிச்சல்?" என்கிறார். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பது கெட்டிக்காரத்தனமா? இந்த மனுஷருக்கு யார் புரியவைப்பது!

ஜூலை 11
பெரிய மேடத்திடம் போட்டு உடைத்துவிட்டேன். "பதில் சொல்லிக் கொடுக்கற ஆள் நமக்கு வேணாம். திங்கக்கிழமைலேருந்து வர வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். சொல்லியும்விட்டார். அக்கா பையை மாட்டிக்கொண்டு போனபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு இல்லையென்றால் கேட்டிருப்பார்தானே?

ஜூலை 14
அக்கா இல்லாத வகுப்பு. இன்று குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, நெட்டை டம்ளரில் பாதியைப் பிள்ளைகள் கண்ணெதிரே வாளியில் கொட்டினேன். "இப்ப எதுல நிறைய?" குட்டை டம்ளரைக் காட்டினார்கள். சரிதான். "நல்லா பாத்து சொல்லுங்க."

"ஒண்ணுதான் மிஸ்!"

ஐயோ.

வாயாடியை மடியில் உட்காரவைத்து, "ஏன்டா கண்ணு மாத்திச் சொன்னே?" என்றேன். "நீங்க திரும்பக் கேட்டா நாங்க சொன்னது தப்புதானே மிஸ்?"

"அன்னைக்குக் குழாயடில அக்கா உன் காதுல என்ன சொன்னாங்க?"

"மூக்கு சிந்தச் சொன்னாங்க."

பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்... ஒருத்தர் வேலையையே போக வச்சுட்டேனே.

ஜூலை 15
மேடத்திடம் எல்லாம் சொன்னேன். "நீங்களே கூப்பிடுங்க" என்றார். அக்காவுக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நாளைக்கு வந்துடறீங்களாக்கா?"

"வரேன் மிஸ்."

இவ்வளவு சுலபமாகவா? மனசில் ஏதாவது வைத்துக்கொண்டு சொல்கிறாரோ?

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

திரும்பக் கேட்டதுதான் தாமதம். "வேணாம் மிஸ்."

ஜூலை 16
டம்ளர்களை நானே கழுவினேன். வாயாடிக்கு மூக்கு ஒழுகியது. அதையும் நானே.