வன்னிக்கு ஊற்றிய தண்ணீர்

அல் ஐன்
12.3.1996

அன்புள்ள தாட்சாயணிக்கு,

நான் நலம். நீயும் தேன்மொழியும் நலமாக இருக்க ஏழுமலையானை வேண்டுகிறேன். இரண்டு வருஷம் முடிந்ததே என்று லீவு கேட்டேன். என் பாஸ்போர்ட் முதலாளியின் பீரோவில் இருக்கிறது. அவர் சிரித்துவிட்டு, போன வாரம் நான் நட்ட கன்றைக் காட்டி, "இது மதிலைத் தாண்டட்டும், அப்புறம் ஊருக்குப் போ" என்றார். இந்தப் பாலைவனத்து மரம்தான், காஃப் என்கிறார்கள். பார்த்தால் நம்ம ஊர் வன்னியேதான். முழங்கால் உயரம்கூட இல்லை. மதிலோ என் தலைக்கு மேல் ஒரு முழம்.

நீ குப்பம் நர்சரியில் ஆறு வருஷம் வேலை செய்தவள். சீக்கிரம் வளர வழி சொல். பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன்
திருமலை

சாந்திபுரம்
9.4.1996

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்தது. தேன்மொழி இரண்டாம் வகுப்பு பாஸ். "நைனா எப்ப வருது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வன்னிக்குக் காலையில் ஒரு குடம், சாயந்திரம் ஒரு குடம் தினமும் ஊற்றுங்கள். தூர் காயவே கூடாது. ஆட்டெரு போடுங்கள். மடமடவென்று ஏறும்.

தாட்சாயணி

அல் ஐன்
12.1.1998

அன்புள்ள தாட்சாயணிக்கு,

உன் வாக்கு பலித்தது! மரம் மதிலுக்கு ஒரு சாண்தான் குறைவு. பக்கத்துத் தோட்டத்துப் பாகிஸ்தானிக் கிழவர், "வாரம் ஒரு தரம் ஊற்று, வேர் கீழே இறங்கட்டும்" என்று நச்சரித்தார். என் மனைவிக்குத் தெரியாததா என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். சித்திரையில் வருகிறேன். உனக்கு இரண்டு வளையல் வாங்கியிருக்கிறேன். தேன்மொழி எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

உன்
திருமலை

அல் ஐன்
30.3.1998

தாட்சாயணி,

மரம் விழுந்துவிட்டது. நேற்று மணல்காற்று. நாலு விரல்தான் பாக்கி இருந்தது. வேர் ஒரு முழம்கூட இறங்கவில்லை, பாய் மாதிரி மேலாகவே படர்ந்திருக்கிறது. முதலாளி புதுக் கன்றைக் கொண்டுவந்து போட்டு, "முதலிலிருந்து" என்றார். குழியிலேயே உட்கார்ந்து அழுதேன். தண்ணீரால்தான் கெட்டது என்கிறார் கிழவர். நீ மறந்திருப்பாய். இந்தத் தடவை யாரையாவது விசாரித்து எழுது.

திருமலை

திருப்பதி
2.5.1998

திருமலை அவர்களுக்கு,

மறக்கவில்லை. தினம் தண்ணீர் கிடைக்கிற வன்னி வேரை இறக்காது. உயர்ந்ததும் காற்றுக்குச் சாயும். நர்சரியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்துதான் எழுதினேன்.

நீங்கள் கிளம்பிய வருஷம், "எதுத்துப் பேசிக்கினு நிக்கிறியா?" என்று என் கையை முறித்தீர்கள். ஆஸ்பத்திரியில், "வழுக்கி வுழுந்துட்டா" என்றீர்கள். "வேணாம் நைனா" என்று காலைக் கட்டிக்கொண்ட ஐந்து வயசுப் பிள்ளையை எட்டி உதைத்தீர்கள். சித்திரையில் வருகிறீர்கள் என்று நான் சொன்ன அன்றைக்கு அவள் பாயை நனைத்துவிட்டாள். ஒன்பது வயசில்.

குழியில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதியிருந்தீர்களே, அதை இரண்டு தரம் படித்தேன். நன்றாக இருந்தது.

வீட்டைக் காலி செய்துவிட்டோம். இங்கே எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. முகவரி எழுதவில்லை. புது ஸ்கூல் பாரத்தில், அப்பா பெயருக்கு நேரே 'செத்துவிட்டார்' என்று தேன்மொழியே தெலுங்கில் எழுதினாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

தாட்சாயணி