மேட்டு லயத்தில் லொறி நின்ற காரணம்

மார்ச் 4, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். பதுளைச் சந்தையில் முட்டைக்கோவா மூட்டைகள் இறக்கிவிட்டு நேரே கராஜ்.

லொறிக்கு மூச்சு பத்தவில்லை. ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே முக்குகிறது. போன வருடத் திருவிழாவில் அம்மனை ஏற்றிக்கொண்டு போனபோது நடந்து வந்த கிழவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். கணேசன் சிரித்தான். கீழ் டிவிசன்காரன், இப்போது புது லொறி வாங்கியிருக்கிறான். பதினொரு வருடமாக எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் தேரைக் கட்டுவது என் லொறியில். "கணேசனுக்கும் ஒரு தடவ குடுப்பமே" என்று கோயில் கமிட்டியில் பேச்சு. அதற்குத்தான் இந்த வேலை. யாருக்கும் சொல்லவில்லை, மனைவி சாந்திக்குக்கூட.

ஆன வேலை:
கேபினுக்குப் பின்னால் இருந்த பழைய எயார் கிளீனர் பெட்டி கழற்றியாயிற்று.
நாலு அங்குலக் குழாய், ரப்பர் வளைவு இரண்டு, கூம்பு மாதிரி புது பில்டர்.
காற்று இழுக்கும் வாய் இனி முன்பக்கம், கிரில்லுக்குப் பின்னால். ஓட ஓட எதிர்க்காற்று தானாக உள்ளே போகும்.

மெக்கானிக் நிமல் பாஸ், தனக்குத் தெரிந்த தமிழில்: "வாய் முன்னுக்கு இருக்கு முரளி. கம்பி வலை ஒண்ணு அடிக்கணும். துணி, கடதாசி வந்து ஒட்டினா இஞ்சினுக்கு மூச்சு இல்ல." வெல்டிங் ஆள் நாளைக்குத்தான் வருவாராம். நாளைக்கு எனக்கு உர மூட்டை இருக்கிறது. பிறகு பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் மடுல்சீமை ஏற்றம் மூன்றாவது கியரில்! மிதித்தால் உஸ்ஸென்று இழுக்கிறது. கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். வயது நாற்பத்தாறு.

மார்ச் 9, சனி

நாளைக்குத் தேர். லொறி கழுவல். வாழைமரம், தோரணம், சீரியல் பல்பு. தேர் ஏற்றியாயிற்று.

கணேசன் வந்து ஒரு சுற்றுச் சுற்றினான். "முன்னுக்கு ஒண்ணும் இல்லையாண்ணே? மொட்டையா இருக்கே."

வீட்டுக்குப் போய் சாந்தியின் மஞ்சள் பட்டுச் சேலையை வாங்கிவந்து கிரில் முழுக்க மடிப்பு வைத்து நானே கட்டினேன். கட்டும்போது பாஸ் சொன்னது ஞாபகம் வரத்தான் செய்தது. தேர் நடை வேகத்தில்தானே போகும், என்ன ஆகிவிடப் போகிறது. பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

அம்மன் கோயிலுக்குத் திரும்பிவிட்டாள். யாருக்கும் அடி இல்லை. சாப்பிடவில்லை. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

வெயில். லீவு போட்டதுபோல் வீட்டில் இருக்கிறேன். நேற்று நடந்தது:

ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசையிலும் தேர் நின்று, வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு வாங்கினோம். மேட்டு லயத்தில் கடைசி வீடு, கோடிக் காம்பரா, விஜயாவுடையது. புருசன் மலையில் வேலை செய்யும்போது குளவி கொட்டிச் செத்து ஏழு மாதம். சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை அம்மனுக்குத் தட்டு கொடுப்பதில்லை, இங்கே அப்படித்தான். ஆனால் மகள் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறாள். அந்தப் பிள்ளை கையில் தட்டைக் கொடுத்து நீட்டச் சொன்னாள். பூசாரியும் யோசிக்காமல் வாங்கிவிட்டார்.

அந்த வாசலிலிருந்துதான் ஏற்றம். பத்தடி போயிருக்கும், நன்றாக மிதித்தேன். கரும்புகை. இஞ்சின் திணறி நின்றது. லொறி பின்னுக்கு உருண்டது. பூசாரி அம்மனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், பையன்கள் ஓடிவந்து டயருக்குக் கல் போட்டார்கள்.

இறங்கி கிரில்லுக்குள் கையை விட்டேன். குழாயின் வாயில் சேலை சுருண்டு அடைத்துக்கொண்டிருந்தது. பிடுங்கியதில் ஒரு முழம் கிழிந்து வந்தது. மிச்சச் சேலையை வாயை விட்டு விலக்கிவிட்டு, துண்டைச் சட்டைப்பைக்குள் திணித்தேன். சேலை இழுத்துக்கொண்டது என்று இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்தில் கணேசன் நின்றான். சொல்லவில்லை.

அதற்குள் ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. "வருசம் திரும்பாத வீட்டுத் தட்டுடா! எவன்டா வாங்குனது!"

எல்லாரும் விஜயாவைப் பார்த்தார்கள். கோயில் தலைவர் சொன்னார்: "நீ உள்ள போம்மா. கதவச் சாத்திக்க."

மகளை இழுத்துக்கொண்டு போனாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். ஒரே பிடியில் எடுத்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன். மானம் கெட்டவன்.

மார்ச் 13, புதன்

மழைக் குணம், ஆனால் பெய்யவில்லை. உரம் இரண்டு நடை. வலதுபக்க சிக்னல் எரியவில்லை.

கமிட்டிக் கூட்டம். வி. (முழுப் பெயரையும் எழுதக் கை வரவில்லை) வெள்ளிக்கிழமை ஈரச் சேலையோடு கோயிலுக்கு வந்து, தோட்டத்தாருக்கு முன்னால் விழுந்து அம்மனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். தலைவர் என்னிடமும் கேட்டார். "முரளி, நீ என்னா சொல்ற?" "நீங்க பாத்து செஞ்சா சரிதாங்க" என்றேன். கூட்டத்தில் இஞ்சி டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

வீட்டில் சாந்தி துணி துவைக்கச் சட்டையை எடுத்திருக்கிறாள். கிழிந்த துண்டு அவள் கையில்.

"இது ஏன் வட்டமா அழுக்குப் பதிஞ்சிருக்கு?"

குழாய் வாயின் அச்சு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "கொழுந்து எடுக்கிற எடத்துல அவளுக்குப் பக்கத்து நெரையில யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க. தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சோறு போட்டு, அந்தத் துண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 14, வியாழன்

வேலை முடிந்து வி. வீட்டுக்குப் போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே மகள் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

நின்றபடியே சொன்னேன். குழாய், வலை, சேலை எல்லாம். துண்டையும் காட்டினேன்.

"அன்னைக்கே தெரியுமாண்ணே?"

"தெரியும் தங்கச்சி."

"என்னை உள்ள போகச் சொன்னாங்களே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

சேலைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானே நம்பிட்டேண்ணே. லொறி நின்னது மட்டுமில்ல. அவரு போனதும் என் ராசிதான்னு நம்பிட்டேன். நாலு நாளா புள்ள மொகத்தப் பாத்துப் பேசல, அவளுக்கும் ஏதாவது ஆயிருமோன்னு."

மன்னிப்பு என்று வாயெடுத்தேன். வரவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 15, வெள்ளி

நாலு மணிக்குக் கோயில் வாசலில் லொறியை நிறுத்தினேன். நல்ல கூட்டம். வி. ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். "ஒரு நிமிசங்க" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, மிச்சச் சேலையை அன்றைக்குப் போலவே கிரில்லில் கட்டினேன். ஸ்டார்ட் பண்ணி முழு மிதி மிதித்தேன். சேலை உள்ளுக்கு இழுபட்டது. கரும்புகை. நின்றது.

பிறகு சொன்னேன். அன்றைக்கு நின்றதும் இதனால்தான், தட்டினால் இல்லை என்று.

தலைவர்: "அப்ப அந்த அம்மாவுக்குச் சாமி வந்தது?"

கணேசன்: "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே. ஏன் சொல்லல?"

"ஒனக்கு முன்னாடி கேவலமாப் போயிரும்னு."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தலைவர் அவளைப் பார்த்து, "சரி, நீ வீட்டுக்குப் போம்மா" என்றார். அன்றைக்குச் சொன்ன அதே குரல். அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒருவரும் இல்லை. நானும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினேன், அவளைப் பார்த்து இல்லை. இப்போதுதான் அது உறைக்கிறது.

அடுத்த வருடம் தேர் கணேசன் லொறியில். சரி.

மார்ச் 16, சனி

தூறல். பழைய கிளீனர் பெட்டியையே மாட்டிக்கொண்டு வரலாம் என்று பதுளைக்குக் கிளம்பினேன்.

மேட்டு லயத்துக்குக் கீழே விஜயாவும் மகளும் குடை இல்லாமல் நடந்து போனார்கள். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மைல். பிரேக் போட்டுக் கதவைத் திறந்தேன்.

"ஏறுங்க தங்கச்சி. பதுளைக்குத்தான் போறேன்."

"வேணாண்ணே. நாங்க ஏறி, வழியில எங்கயாச்சும் நின்னுட்டா?"

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே பயந்துதான் சொன்னாள். நான் போகும்வரை மகளைப் பிடித்து ஓரமாக, லொறிக்கு எட்டத் தள்ளி நிறுத்திக்கொண்டாள்.